வீட்டு விளக்கின் நிறம்: எங்கெல்லாம் தவறுகிறோம்?

வெளிச்சம் போதவில்லை என்று தோன்றினால் மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டு வெள்ளை பல்பை மாட்டுவது பலரின் வழக்கம். பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. நிறம் வேறு, வெளிச்சத்தின் அளவு வேறு. அளவைச் சொல்வது லுமென், நிறத்தைச் சொல்வது கெல்வின். 800 லுமென் மஞ்சள் பல்பும் 800 லுமென் வெள்ளை பல்பும் தருவது ஒரே அளவு வெளிச்சம்தான். வெள்ளை கண்ணுக்குக் கொஞ்சம் பளிச்சென்று தெரியும், அவ்வளவே. அறை மங்கலாக இருந்தால் கூட்ட வேண்டியது லுமெனை.

கெல்வின் எண்ணையும் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. எண் ஏற ஏற நீலம் கூடும். 2700 முதல் 3000 வரை இளமஞ்சள். 4000 எந்தப் பக்கமும் சாயாத வெள்ளை. 6500 நீலச் சாயல் உள்ள பகல் வெள்ளை. 'வார்ம்', 'கூல்' என்ற பெயர்களை விட்டுவிட்டுப் பெட்டியில் உள்ள எண்ணைப் பாருங்கள். சில பெட்டிகளில் 827, 865 என்று மூன்று இலக்கமாக இருக்கும்; கடைசி இரண்டு இலக்கங்கள் 2700, 6500 என்பதன் சுருக்கம்.

வீடு முழுக்க 6500 மாட்டுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. விழித்திரையில், பார்ப்பதற்கு அல்லாமல் பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை அவை அதிகம் உணரும். இரவு பத்து மணிக்குத் தலைக்கு மேல் 6500 எரிந்தால் 'இன்னும் பகல்தான்' என்ற செய்தி மூளைக்குப் போகும். தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். படுக்கையறைக்கு 2700 போதும். ஆனால் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு வெளிச்சத்தைக் குறைக்காமல் விட்டால் பலன் பாதிதான், ஏனென்றால் அளவு மிகுந்தால் மஞ்சள் ஒளியும் தூக்கத்தைத் தள்ளிப்போடும். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கூரை விளக்கை அணைத்துவிட்டு, ஷேட் போட்ட சிறு விளக்குக்கு மாறுங்கள். நடுராத்திரி எழுந்து நடக்க, தரையை ஒட்டி ஒரு மங்கலான ஆரஞ்சு விளக்கு போதும்.

இதைக் கேட்டுவிட்டு எல்லா இடத்திலும் மஞ்சளையே மாட்டுவதும் சரியல்ல. படிக்கும் மேசைக்கும் சமையல் மேடைக்கும் 4000 பொருத்தம். படிக்கும் பக்கத்தின் மேல் 500 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லுமென்) அளவுக்கு வெளிச்சம் விழ வேண்டும். அறை நடுவில் தொங்கும் ஒற்றை பல்ப் அதைத் தராது, மேசை விளக்கு வேண்டும். வலக்கையால் எழுதுபவர் அதை இடப்பக்கம் வைக்க வேண்டும். சமையல் மேடையில் விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தால், கத்தி இறங்கும் அதே இடத்தில் உங்கள் நிழல் விழும். எந்தக் கெல்வினாலும் இதைச் சரிசெய்ய முடியாது. மேல் அலமாரியின் அடியில், முன்விளிம்பை ஒட்டி எல்இடி பட்டை ஒட்டுவதே வழி.

பலர் கவனிக்காமல் விடும் எண் ஒன்று உண்டு: சி.ஆர்.ஐ. பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு இது, உச்சம் 100. வழக்கமான வெள்ளை எல்இடி என்பது, நீல ஒளி தரும் சில்லின் மேல், அந்த ஒளியில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பாஸ்பர் என்ற பொருளைப் பூசியது. மலிவானவற்றில் ஆழ்சிவப்பு மிகக் குறைவு. அதனால்தான் முகம் சோகை பிடித்ததுபோல் தெரிகிறது, தக்காளி மண்நிறமாகிறது. வீட்டில் பொதுவான இடங்களுக்கு 80 போதும். கண்ணாடி முன்பும் துணி அலமாரியிலும் 90க்குக் குறையக் கூடாது. கண்ணாடிக்கு மேலே ஒற்றை விளக்கு இருந்தால் கண்ணுக்கும் தாடைக்கும் கீழே நிழல் கட்டும். இரு பக்கமும், முக உயரத்தில், 3000 முதல் 4000 வரையிலான விளக்குகளை வையுங்கள்.

ஒரே நேரத்தில் ஒரே அறையில் 3000, 6500 இரண்டும் எரிவது கண்ணுக்கு உறுத்தும். ஒன்றுக்குக் கண் பழகும்போது மற்றது பழுத்ததாகவோ நீலம் பாய்ந்ததாகவோ தெரியும். கூடத்தில் படிப்பது, ஓய்வு என்று இரண்டுக்கும் வேண்டுமென்றால் 4000 ஒரு சுவிட்சிலும் 2700 இன்னொரு சுவிட்சிலும் இருக்கட்டும், சேர்த்துப் போடாதீர்கள். கெல்வினை மாற்றக்கூடிய பல்ப் இருந்தால் அதுவும் சரி. ஒரு வரிசையில் நான்கு விளக்குகள் என்றால், ஒரே தயாரிப்பில் ஐந்தாக வாங்கி ஒன்றை எடுத்து வையுங்கள். பின்னால் ஒன்று போனால் அதே சாயலில் கிடைப்பது கடினம்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் விஷயத்திலும் ஏமாறலாம். பழைய இழை பல்பைக் குறைத்தால் மஞ்சள் கூடும். சாதாரண எல்இடி நிறம் மாறாமல் மங்கும். 6500ஐக் குறைத்தால் அறை சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். டிம்மர் உள்ள இடத்தில் 2700ஐயே மாட்டுங்கள். பெட்டியில் 'டிம்மபிள்' என்று இல்லாத பல்ப் அங்கே மினுக்கலாம்.

இரவில் 6500க்கு ஓர் இடம் உண்டு: டிவியின் பின்சுவர். திரையின் வெள்ளையே 6500ஐ ஒட்டி வகுக்கப்பட்டது. பின்னால் அதே நிறத்தில் மங்கலான விளக்கு இருந்தால் படத்தின் நிறம் பிசகாது, கண்ணும் அயராது.

மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒரே ஒரு பல்ப் வாங்கி, உரிய இடத்தில் மாட்டி, இரண்டு இரவு எரியவிட்டுப் பாருங்கள். சுவரின் நிறம் ஒளியை மாற்றும்: கிரீம் சுவர் 6500இல் வெளிறும், மஞ்சள் சுவர் 2700இல் இன்னும் மஞ்சளாகும். கடையில் எரியும்போது இது தெரியாது.