லயத்து வீட்டிலும் கிளினிக்கிலும் செவிப்புலனைச் சோதிக்கும் முறை

செவிப்புலன் சோதனைகளில் பெரும்பாலானவை தேடுவது ஒன்றையே: ஒருவருக்குக் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலி எது? சுற்றுப்புற இரைச்சலோ கண்ணுக்குத் தெரியும் குறிப்போ இடையில் புகுந்துவிட்டால் அந்த விடை நம்பத்தக்கதன்று. தகரக் கூரையில் மழை கொட்டும்போதும், பக்கத்துக் காம்பிராவில் தொலைக்காட்சி ஓடும்போதும் சோதிக்க முனைய வேண்டாம்; பெரும்பாலானோர் மலைக்கு வேலைக்குப் போய், லயம் (தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) அடங்கியிருக்கும் முற்பகல் வேளையே உகந்தது.

வீட்டில் செய்யத்தக்கது கிசுகிசுப்புச் சோதனை. உங்கள் வாயசைவு தெரியாதபடி, அம்மாவையோ தாத்தாவையோ நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கை நீளத்துக்குப் பின்னால் நில்லுங்கள். சோதிக்காத காதின் துவாரத்துக்கு முன்னுள்ள சிறு குருத்தெலும்பை விரலால் அழுத்தி மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தால், அந்தக் காது குறுக்கிடாது. மூச்சை முழுதாக வெளியே விட்டபின், குரல் கலவாமல், ‘நாலு, ஒம்பது, ரெண்டு’ என்பது போல மூன்று எண்களைக் கிசுகிசுத்து, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றும் சரியென்றால் அந்தக் காதுக்கு அதுவே போதும். தவறினால் வேறு மூன்று எண்களைச் சொல்லுங்கள், ஆறில் மூன்றேனும் சரியாக வந்தால் தேறியதாகக் கொள்ளலாம். மறு காதுக்கு எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். பாவம் பார்த்துக் குரலை உயர்த்துவதே இங்கே பெரும்பாலும் நிகழும் பிழை. கைத்தொலைபேசிச் செயலிகள் டெசிபல் கணக்கில் காட்டும் எண்ணை, அளவு சரிபார்க்கப்படாத சாதாரண இயர்போனை வைத்துக்கொண்டு நம்புவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

தேறாதவரை காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர், உலர்த்தி ஆகியவற்றின் அருகே வேலை செய்பவர், சோதனைக்கு முன் குறைந்தது 14 மணித்தியாலம் இரைச்சலை விட்டு விலகியிருப்பது அவசியம். இல்லையேல் தற்காலிகமாக மந்தித்த காதையே கருவி அளக்கும். தடிமன் இருக்கும்போது, ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து பஸ்ஸில் கண்டிக்கு இறங்கினால், வெளியழுத்தம் கூடிச் செவிப்பறை உள்நோக்கி இழுபட்டுக் காது அடைக்கும் என்பதால், அதையும் பரிசோதகரிடம் சொல்லுங்கள். காதுக்குறும்பி அடைத்திருக்கிறதா என்பதையும் முதலில் பார்த்துவிடுவார்கள்.

பிறகு ஒலி புகாத அறையில் ஹெட்போன் அணிவித்து, வழக்கமாக நன்றாகக் கேட்கும் காதில் 1,000 ஹேர்ட்ஸ் (ஒலியின் அதிர்வெண் அலகு) ஒலியோடு தொடங்குவார்கள். கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். சந்தேகமாக இருந்தாலும் அழுத்தத் தயங்க வேண்டாம். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் 10 டெசிபல் குறைத்தும், கேட்காதபோது 5 டெசிபல் கூட்டியும் எல்லையை, அதாவது கேட்கும் மிக மெல்லிய ஒலியைக் கண்டுபிடிப்பார்கள். 250 முதல் 8,000 ஹேர்ட்ஸ் வரையான முடிவுகள் வரைபடமாகும்: சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. கோடு கீழே இறங்க இறங்கக் குறைபாடு கூடுதல். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டில், 20 டெசிபலுக்குக் குறைவான எல்லை இயல்பானது. 35 முதல் 50க்குள் இருப்பது மிதமான குறைபாடு. 4,000 ஹேர்ட்ஸை ஒட்டி மட்டும் கோடு பள்ளம் விழுந்து மீண்டும் ஏறியிருந்தால், இரைச்சலால் வந்த பாதிப்பையே முதலில் சந்தேகிப்பார்கள். அத்தகையவர் ‘சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கனு வெளங்கல’ என்றே முறையிடுவார்.

காதின் பின்னெலும்பில் அதிரும் கருவியை வைத்து மறுபடி அளப்பது வெறும் சடங்கன்று. எலும்பு வழியே நன்றாகவும் காற்று வழியே குறைவாகவும் கேட்டால் தடை வெளிக்காதிலோ நடுக்காதிலோ உள்ளது, அது பல வேளைகளில் சீராக்கத்தக்கது. இரண்டும் ஒன்றாகவே குறைந்திருந்தால் கோளாறு உட்காதிலோ நரம்பிலோ உள்ளது.

பொத்தான் அழுத்தத் தெரியாத கைக்குழந்தைக்கு, தூங்கும்போது காதில் சிறு முனையைச் செருகி, உட்காது திருப்பியனுப்பும் மெல்லொலியை ஒலிவாங்கியால் பதிவு செய்வார்கள். 1978இல் பிரித்தானிய விஞ்ஞானி டேவிட் கெம்ப் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. ஒரு மாதத்துக்குள் இந்தச் சோதனை, மூன்று மாதத்துக்குள் நோயறிதல், ஆறு மாதத்துக்குள் உதவி என்பதே இலக்கு. தட்டைத் தட்டிப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். குழந்தை அதிர்வுக்கும் நிழலுக்கும்கூடத் திரும்பும்.

எந்த வயதினருக்கும் ஒரு காது திடீரெனக் கேட்காமற்போனால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சிகிச்சை தாமதித்தால் மீட்சிக்கான வாய்ப்பு குறையும்.