ஒரு குளம், ஐந்து நாள்: முன்பள்ளியில் ஒரு வாரத்தை அமைக்கும் முறை

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு சின்ன முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். 22 பிள்ளைகள். மூன்று வயது முடிந்ததில் இருந்து ஐந்து வரை எல்லோரும் ஒரே மண்டபத்தில்தான். அரைச்சுவர், தகரக் கூரை, ஒரு ரீச்சர். இப்படியான இடத்தில் புதிதாக வேலை தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். காலைப் பிரார்த்தனை, வரவு, கை கழுவல் எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். திங்கள் தொடக்கம் வெள்ளி வரை பிள்ளைகள் செய்யும் வேலைகளை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பதுதான் விஷயம். உதாரணத்துக்கு ஆடி மாதத்தில் நான் செய்த ‘குளம்’ வாரத்தை எடுத்திருக்கிறேன்.

1. தலைப்பு: பிள்ளை தொட்டுப் பார்த்ததாக இருக்கட்டும்

ஒருமுறை ‘போக்குவரத்து’ என்று தலைப்பு வைத்து கப்பல், விமானம், புகையிரதம் எல்லாம் பிறிஸ்டல் மட்டையில் வடிவாக ஒட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகள் பார்த்தார்கள், பேசாமல் இருந்தார்கள். கடைசியில் ஒருவன் “அப்பாவின்ர லான்ட்மாஸ்ரர்” என்று வயல் உழும் சின்ன உழவு இயந்திரத்தைச் சொன்னான். உடனே 22 பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். சக்கரம் எத்தனை, எப்படிச் சத்தம் போடும், சேற்றில் எப்படிப் புதையும் என்று எல்லாமே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அன்றில் இருந்து தலைப்பை ஊரில்தான் தேடுகிறேன்.

எங்கள் பக்கம் மாதமே தலைப்பைத் தந்துவிடும். தை, மாசியில் நெல் அரிவு வெட்டு. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் வந்த பிள்ளை ஒரு கிழமைக்கு அதைத்தான் பேசும். ஆனி, ஆடியில் பாலைப்பழம். ஐப்பசி, கார்த்திகையில் மழை, தவளை, குடை. குளத்தை நான் ஆடிக்கு வைத்ததற்குக் காரணம் களிமண். தண்ணீர் வற்றி அலைகரை தெரியும் காலத்தில்தான் நல்ல மண் எடுக்கலாம்.

2. பொருள் சேர்த்தல்: முந்தின வெள்ளிக்கிழமைக்குள்

இந்த வாரத்துக்கு வேண்டியவை: ஒரு வாளி குளத்துக் களிமண், அகலமான பேசின் ஒன்று, சிரட்டைகள், பனை ஊமல்கள் (காய்ந்த வெறும் பனங்கொட்டை ஓடுகள்), கல், நாணயம், ஒரு பூசணிக்காய், மரக்காலையில் இருந்து ஒரு துண்டு பாலை மரத்து வைரக் கட்டை. அந்தக் கட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள், காரணம் பிறகு வருகிறது.

களிமண்ணை அப்படியே கொடுக்க முடியாது. கட்டிகளை உடைத்து ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டு, சிப்பி, முள், கல் எல்லாம் பொறுக்கி, கரைசலைப் பழைய துணியில் வடித்து, சாக்கில் பரப்பிக் காயவிடுங்கள். கையில் ஒட்டாத பதம் வந்ததும் ஈரத் துணியில் சுற்றி மூடியுள்ள வாளியில் வைத்தால் இரண்டு கிழமை தாங்கும். கோதுமை மாவில் உப்பும் எண்ணெயும் சேர்த்துப் பிசைகிற மாக்களியைப் பலர் விரும்புகிறார்கள். எனக்குக் களிமண்தான் பிடிக்கும். 2022இல் மாவின் விலை ஏறிய நாட்களில் உணவைப் பிசைந்து விளையாடக் கொடுக்க மனம் வரவில்லை. களிமண்ணில் விரலுக்கு வேலையும் கூட.

நிறம் தீட்டுவதற்குப் புதிதாக எதுவும் வாங்கவேண்டாம். உடைந்த பஸ்ரல் துண்டுகள் போதும். நீளமான கோலைச் சின்னப் பிள்ளை முழுக் கையாலும் பொத்திப் பிடிக்கும். துண்டை அப்படிப் பிடிக்க இடமில்லை, விரல் நுனியால்தான் பிடித்தாகவேண்டும். எழுதுவதற்கு வேண்டிய பிடி அப்படியே பழகிவிடும்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்.

முதலாவது, குன்றிமணி. சிவப்பும் கறுப்புமாக அழகாக இருப்பதால் எண்ணுவதற்கு எடுத்து வைத்திருப்பார்கள். அது நஞ்சு. மென்றோ உடைந்தோ உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. முன்பள்ளிக்குள் அது வரவே கூடாது. புளியங்கொட்டையைக்கூட மூன்று வயதுப் பிள்ளைகளிடம் கொடுக்கமாட்டேன், மூக்கிலும் காதிலும் போடுவார்கள். அவர்களுக்கு எண்ணுவதற்கு ஊமலும் சிரட்டையும்தான்.

இரண்டாவது, “காட்டில் பொறுக்கிக்கொண்டு வாருங்கள்” என்று பிள்ளைகளிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். யுத்தம் 2009இல் முடிந்துவிட்டது, ஆனால் வன்னி மண்ணில் வெடிபொருட்கள் எல்லாம் முடிந்துவிடவில்லை. வேலையின் பெயரில் நாங்கள் அனுப்பும் பிள்ளை பற்றைக்குள் கை வைக்கக்கூடாது. பொருட்களை ரீச்சர் சேர்க்கட்டும், இல்லாவிட்டால் வளவுக்குள் கிடைப்பதைத் தாய் தகப்பன் எடுத்துத் தரட்டும். “தெரியாத இரும்பைத் தொடாதே, பெரியவர்களிடம் சொல்” என்பதை ஒவ்வொரு திங்களும் ஒருதரம் சொல்கிறேன்.

3. ஒரு காலையில் புதியது ஒன்றுதான்

நான் நீண்ட நாள் தடுமாறிய இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பயிற்சியில் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்து மூன்று மூலையில் மூன்று வேலை கொடுக்கச் சொல்லித் தந்தார்கள். நானும் அப்படியே செய்தேன். ஒரு மூலையில் வர்ணம், இன்னொன்றில் பசையால் ஒட்டுதல், மூன்றாவதில் தண்ணீர். மூன்றுமே அன்றைக்குத்தான் முதல் தடவை. பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளையின் தலைமயிரில் பசை, பேசின் கவிழ்ந்து பாயெல்லாம் ஈரம், சின்னவர்கள் அழுகை. எந்த மூலைக்கு ஓடினாலும் மற்ற இரண்டில் இருந்தும் “ரீச்சர்” என்ற குரல். ஒரு தவணை முழுக்க அப்படித்தான் போனது. பிள்ளைகள் குழப்படி என்று நினைத்தேன், குழுவை மாற்றினேன், சின்னவர்களைத் தனியாக இருத்தினேன். எதுவும் சரிவரவில்லை.

பிறகு ஒருநாள் கரும்பலகையின் ஓரத்தில் மூன்று கட்டம் கீறி, எந்த மூலையில் இருந்து கூப்பிடுகிறார்களோ அந்தக் கட்டத்தில் வெண்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தேன். அன்று விதை பிரிக்கும் மூலை பழையது, முந்தின கிழமையும் செய்தார்கள். அந்தக் கட்டத்தில் இரண்டே கோடு. புதிய வேலை இருந்த கட்டத்தில் எண்ண முடியாத அளவு கோடுகள். பிள்ளைகளில் பிழை இல்லை. தெரியாத வேலைக்குத்தான் ரீச்சர் வேண்டும், நானோ ஒரே நேரத்தில் மூன்று தெரியாத வேலையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் ஒழுங்கு இதுதான். ஒரு காலையில் ஒரு மூலைதான் புதியது, நான் அங்கேதான் இருப்பேன். மற்ற இரண்டும் பழகிய வேலைகள். ஒரு வாரத்துக்குப் புதிய வேலை இரண்டுக்கு மேல் வைப்பதில்லை.

பழகியது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிள்ளை பொருளைத் தானே எடுத்து, தானே செய்து, திருப்பித் தானே வைத்தால் பழகியது. திருப்பி வைப்பதைத்தான் நாங்கள் படிப்பிக்க மறந்துவிடுகிறோம். களிமண் முதல் நாளில் நான் உருட்டுவதைக் காட்டுவதற்கு முன் வாளி எங்கே இருக்கும், மூடியை எப்படித் திறப்பது, ஈரத் துணியை எப்படித் திரும்பப் போர்த்துவது என்று காட்டினேன். ஒவ்வொருவரும் ஒருதரம் திறந்து மூடினார்கள். அதற்கே ஒரு காலையின் பெரும்பகுதி போனது. போகட்டும். அடுத்த நாள் அந்த மூலையில் இருந்து என்னை யாரும் வாளிக்காகக் கூப்பிடவில்லை.

ஒரு மூலைக்கு 20 நிமிடம். மாறச் சொல்லிக் கத்தவேண்டாம். “இன்னும் கொஞ்ச நேரத்தில் கை தட்டுவேன்” என்று முதலில் மெல்லச் சொல்லுங்கள், பிறகு தாளத்தில் கை தட்டுங்கள், அவர்களும் திரும்பத் தட்டட்டும். மூன்று வயதுப் பிள்ளை மாற விரும்பாவிட்டால் அங்கேயே இருக்கட்டும்.

4. ஐந்து நாள்

திங்கள்: பாயில் வட்டமாக இருந்து பேச்சு. குளத்தில் என்ன இருக்கும் என்று கேட்டுவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். விரால், கொக்கு, தாமரை, முதலை, மாமாவின் வலை எல்லாம் வரும். அவர்கள் சொன்னவற்றைப் பலகையில் படமாகக் கீறுங்கள். அன்றைய புதிய மூலை களிமண். மற்ற இரண்டும் போன கிழமை செய்த விதை பிரித்தலும் (மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு விதைக்குப் பதில் ஊமலும் சிரட்டையும்) கடதாசி கிழித்து ஒட்டுதலும்.

செவ்வாய்: அதே மூன்று மூலை. புதியது எதுவும் இல்லை. களிமண்ணில் மீன் செய்யட்டும். நான்கரை வயதைத் தாண்டியவர்களுக்கு மண்ணைக் கயிறாக உருட்டி ‘ம’ வளைத்துக் காட்டினேன். தலைப்பு குளம் என்பதற்காக ‘கு’, ‘ள’ எழுதப் பழக்காதீர்கள், சுழியும் வளைவும் அவர்களுக்குச் சிரமம். மீன், மண், மரம், மழை எல்லாம் ‘ம’ வரிசையில்தான் தொடங்குகின்றன. ட, ப, ம மூன்றும் நேர்கோட்டில் இருந்து வருவதால் நான் அவற்றில்தான் தொடங்குவேன்.

புதன்: குளக்கட்டுக்குப் போனோம். மூலை வேலை இல்லை. ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று அம்மாமாரை வரச்சொல்லியிருந்தேன். ஆள் குறைந்திருந்தால் போயிருக்கமாட்டேன். நீளமான கயிற்றில் முடிச்சுப் போட்டு, ஒரு முடிச்சை ஒரு பிள்ளை பிடித்துக்கொண்டு நடந்தது. கட்டின் மேல்தான் நின்றோம், தண்ணீர்க் கரைக்கு இறங்கவில்லை. துருசால், அதாவது குளத்து மதகால், தண்ணீர் வாய்க்காலுக்குப் போவதைப் பார்த்து ஒரு பிள்ளை “எங்கட வயலுக்கோ போகுது?” என்று கேட்டது. ஓம், அங்கேதான். இரணைமடுக் குளத்துக்குக் கனகராயன் ஆறு தண்ணீர் கொண்டுவருவதையும், எங்கள் குளத்துக்கும் எங்கோ இருந்து தண்ணீர் வருவதையும் போகும் வழியில் கதையாகச் சொன்னேன். நான்கு வயதுக்கு அது போதும்.

வியாழன்: இரண்டாவது புதிய மூலை, மிதக்குமா தாழுமா. களிமண் இப்போது பழகிய மூலை ஆகிவிட்டது. பேசினில் பாதித் தண்ணீர். ஒவ்வொரு பொருளையும் போடுவதற்கு முன் பிள்ளை சொல்லவேண்டும், பிறகு போட்டுப் பார்க்கவேண்டும். இந்த ஒழுங்கை விடாதீர்கள், சொல்லாமல் போட்டால் அது வெறும் தண்ணீர் விளையாட்டு. நாணயம் சின்னது, மிதக்கும் என்றார்கள், தாழ்ந்தது. பூசணிக்காய் பெரிது, தாழும் என்றார்கள், மிதந்தது. கட்டை மிதக்கும் என்பதில் எல்லோருக்கும் நிச்சயம். அப்போதுதான் பாலைக் கட்டையைக் கொடுத்தேன். பாலை வைரம் தண்ணீரை விடப் பாரமானது, நேரே அடிக்குப் போய்விட்டது. ஒரு பிள்ளை கையை விட்டு எடுத்து மூன்று தரம் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது. சிரட்டையை மிதக்கவிட்டு அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கல் போடுவதைப் பெரிய பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், எத்தனையாவது கல்லில் தாழ்கிறது என்று எண்ணலாம். வேலை முடிந்த உடனே பேசினைக் கவிழ்த்துவிடுங்கள். சின்னப் பிள்ளைக்கு அந்த அளவு தண்ணீரும் ஆபத்துத்தான்.

வெள்ளி: புதியது இல்லை. பிள்ளைகள் விரும்பிய மூலைக்குப் போகலாம்.

5. குறிப்புக் கொப்பி

ஒரு நாளைக்கு நான்கு அல்லது ஐந்து பிள்ளை, ஆளுக்கு ஒரு வரி. அப்போது 22 பேரும் வாரத்துக்குள் வந்துவிடுவார்கள். “கெட்டிக்காரி” என்று எழுதாதீர்கள், கண்ட காரியத்தை எழுதுங்கள்: “மூடியைத் தானே திறந்தார்”, “ஐந்துக்குப் பிறகு ஏழு எண்ணினார்.”

பிறகு சேர்த்தவை

சோளகக் காற்று வீசும் நாளில் அரைச்சுவர் மண்டபத்தில் கடதாசி நிற்காது என்று, இதை வாசித்த ஒரு ரீச்சர் எழுதியிருந்தார். உண்மை. எங்களிடமும் பறந்தது. கிழித்து ஒட்டும் மூலையைக் காற்று வராத சுவரோரம் மாற்றுங்கள், கிழித்த துண்டுகளைச் சிரட்டைக்குள் போடுங்கள், டிமை தாளின் நான்கு மூலையிலும் ஊமல் வையுங்கள்.

மன்னார்க் கரையில் இருந்து ஒருவர், “எங்களுக்குக் குளம் இல்லை, கடல்தான்” என்றார். அப்படியானால் கடல் வாரம் செய்யுங்கள். ஒழுங்கு அதேதான். சிப்பி பிரித்தல் பழகிய மூலை ஆகட்டும், ஈர மணல் புதிய மூலை ஆகட்டும். ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள்: உப்புத் தண்ணீரில் பொருட்கள் கொஞ்சம் கூடுதலாக மிதக்கும். அதனால் எல்லாவற்றையும் முதல்நாளே நீங்கள் போட்டுப் பாருங்கள்.

அதிகம் வந்த கேள்வி அம்மாமாரைப் பற்றியது: “வீட்டுக்கு எழுதக் கொடுக்கச் சொல்லி நிற்கிறார்கள், என்ன செய்வது?” எனக்கும் அது நடந்தது. “மண்ணுக்குள்ள கையை விட்டா எப்ப எழுதப் போகுது?” என்று ஓர் அம்மா வாசலில் நின்று கேட்டார். அவருடைய கவலை நியாயமானது, முதலாம் வகுப்பில் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற பயம். தமிழில் 247 எழுத்து இருக்கிறது, எழுதி முடிக்க அந்த விரல்களுக்கு வலு வேண்டும், வலுவை இந்த மண்தான் கொடுக்கிறது என்று சொன்னேன். சொல்லால் அவர் சமாதானமாகவில்லை. வெள்ளிக்கிழமை உள்ளே வரச்சொன்னேன். மகள் வாளியைத் திறந்து, மண்ணை உருட்டி, ‘ம’ வளைத்து, துணியைப் போர்த்தி மூடிவிட்டு வந்ததை இருந்து பார்த்தார். இப்போது மாதத்தில் ஒரு வெள்ளி அம்மாமாருக்கு என்று ஒதுக்கியிருக்கிறேன், வந்தவர்கள் பிள்ளையோடு அதே மூலையில் இருந்து அதே வேலையைச் செய்யவேண்டும்.

குளத்துக்கு அடுத்த வாரம் பாலைப்பழம். களிமண்ணும் பேசினும் இனிப் பழகிய மூலைகள், அவை அப்படியே நிற்கும். புதிய மூலைக்குப் பழத்தை விதை நீக்கி எண்ணுவது. பாலைப்பழப் பால் உதட்டில் ஒட்டும், துடைப்பதற்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் துணியும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.