உங்கள் ஒழுங்கையின் வடிகான் யாருடையது? உள்ளூராட்சித் தகவலை இணையத்தில் தேடும் முறை

போன மாரியில் எங்கள் ஒழுங்கையில் நான்கு நாட்களாகத் தண்ணீர் வடியவில்லை. ஓரத்தில் வடிகான் இருக்கிறது, ஆனால் பாதியோடு கட்டி விட்டுவிட்டார்கள். அதற்குக் காசு ஒதுக்கினார்களா, மீதி ஏன் நிற்கிறது என்று அறிய அலுவலகம் அலுவலகமாக இரண்டு வாரம் ஏறி இறங்கினேன். பிறகுதான் இதில் முக்கால்வாசியை வீட்டிலிருந்தே எடுத்திருக்கலாம் என்று தெரிந்தது. திருகோணமலை மாவட்டத்தில் யாருக்கும் உதவும் என்பதால் நான் கடைசியில் கண்டுபிடித்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

முதலில், எந்தச் சபை?

பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. சபை நாம் வாக்களித்துத் தெரிவு செய்வது; ஒழுங்கை, வடிகான், குப்பை, தெருவிளக்கு, சந்தை எல்லாம் அதன் பொறுப்பு. செயலகம் மத்திய அரசின் நிர்வாகம், கச்சேரியின் (மாவட்டச் செயலகத்தின்) கீழ் வருவது. எங்கள் பக்கத்தில் குழப்பம் கூட, ஏனென்றால் 'பட்டினமும் சூழலும்' என்ற பெயர் ஒரு பிரதேச சபைக்கும் இருக்கிறது, ஒரு பிரதேச செயலகத்துக்கும் இருக்கிறது. அந்தச் செயலகப் பிரிவுக்குள் நகரமும் அடங்கும். பிரதேச சபைக்குள் நகரம் அடங்காது. நகரத்துக்குத் தனிச் சபை உண்டு. இணையத்தில் பெயரைத் தட்டினால் இரண்டும் கலந்து வரும். நான் முதல் மூன்று நாட்களும் வாசித்துக்கொண்டிருந்தது செயலகத்தின் பக்கத்தை.

உங்கள் சபை எது என்று அறியச் சுருக்கமான வழி, வீட்டில் இருக்கும் சோலைவரி (வீடு, காணிக்குச் சபை வாங்கும் வரி) பற்றுச்சீட்டைப் பார்ப்பது. அதன் தலைப்பில் சபையின் பெயர் இருக்கும். அது இல்லாவிட்டால் கிராம உத்தியோகத்தரிடம் உங்கள் வட்டாரத்தைக் கேளுங்கள்.

இன்னொன்று. திருகோணமலை நகர சபை இப்போது மாநகர சபை. 2025 மே 6 தேர்தலை அந்தப் பெயரில்தான் சந்தித்தது. பழைய ஆவணங்களுக்கு 'நகர சபை' என்று போட்டுத்தான் தேட வேண்டும்.

வர்த்தமானி

டாக்யுமென்ட்ஸ் டொட் கொவ் டொட் எல்கே என்ற தளத்தில் வர்த்தமானிகள் (அரசின் அறிவித்தல் இதழ்கள்) திகதி வாரியாக மூன்று மொழிகளிலும் கிடக்கின்றன. வெள்ளிக்கிழமை வரும் வாராந்த இதழில் பகுதி நான்கு 'ஆ' உள்ளூராட்சிக்கு உரியது. உபவிதிகள், வரி அறிவித்தல்கள், சபைக்கு உரித்தான வீதிகளின் பட்டியல் எல்லாம் அதில்தான் வெளிவரும். அந்த வீதிப் பட்டியல் மிகவும் பெறுமதியானது. உங்கள் ஒழுங்கை அதில் இருந்தால் 'அது எங்களுடையது இல்லை' என்று ஒருவரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

கணக்காய்வு அறிக்கை

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் தளத்தில் உள்ளூராட்சி மன்றங்கள் என்ற பிரிவு இருக்கிறது. கணக்காய்வாளர் நாயகம் ஒவ்வொரு சபையையும் ஆண்டுதோறும் கணக்காய்வு செய்து தரும் அறிக்கைகள் அங்கே வரும். தொடக்கத்தில் நிதிக்கூற்றுகள் பற்றிய அபிப்பிராயம் இருக்கும். அதைத் தாண்டிப் போங்கள். பின்னால் அவதானிப்பு, அதற்குச் சபை சொன்ன பதில், பரிந்துரை என்று வரிசையாக இருக்கும் பகுதியை நிதானமாக வாசியுங்கள். சபை தன் வாயால் சொன்ன பதில் அங்கே அச்சில் இருக்கிறது. பத்திரிகைச் செய்தியை விட நான் இதைத்தான் நம்புவேன்.

என்னை மாட்டிவிட்ட இடம்: பாமினி

ஒரு சபையின் வேலைத்திட்டப் பட்டியல் பிடிஎஃப் ஆகக் கிடைத்தது. எண்பது பக்கம். தேடும் பெட்டியில் 'வடிகான்' என்று தட்டினேன். ஒன்றும் வரவில்லை. 'வீதி' என்று தட்டினேன், அதுவும் இல்லை. சரி, எங்கள் பக்கத்துக்கு ஒன்றுமே ஒதுக்கவில்லை என்று முடிவுகட்டிக் கோப்பை மூடிவிட்டேன். பத்து நாள் கழித்து, தட்டச்சுக் கடை வைத்திருக்கும் சின்னம்மாவின் மகள் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது பாமினி. நீங்கள் யுனிகோடில் தேடினால் எப்படி வரும்?" என்றாள்.

விஷயம் இதுதான். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பில் கண்ணுக்குத் தெரிவது தமிழ், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. யுனிகோடில் உள்ளே கிடப்பதும் தமிழ்தான். 'க' என்பது உள்ளே எஃப், 'ம' என்பது கே, 'த' என்பது ஜே. ஒரு வரியைப் பிரதி எடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வந்தால் பாமினிதான். அவள் விசைப்பலகையை ஆங்கிலத்தில் வைத்தபடியே, பாமினி பழகிய கையால் சின்ன எழுத்தில் ரீ, பீ, எஃப், எச், டீ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று ஆறு விசை தட்டினாள். அதுதான் 'வடிகான்'. உடனே மஞ்சள் பட்டை எங்கள் ஒழுங்கையின் பெயர் இருந்த வரியிலேயே போய் நின்றது.

உங்களுக்குப் பாமினி தெரியாவிட்டால், பக்கத்தைப் பிரதி எடுத்துப் பொங்குதமிழ் மாற்றியில் ஒட்டி யுனிகோடாக்குங்கள். கொம்பியூட்டர் இருந்தால் என்.எச்.எம். கன்வேர்ட்டரும் நல்லது. கோப்பு வெறும் ஸ்கேன் படமாக இருந்தால் இரண்டும் உதவாது. கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தை ஓரளவு பிரித்துத் தரும். எண்களை மட்டும் மூலப் படத்தோடு ஒப்பிடாமல் நம்பாதீர்கள். 3 என்பதை 8 ஆக்கிவிடுகிறது.

கூகுளில் தேடும்போது 'சைட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் கொவ் டொட் எல்கே என்று சேர்த்தால் அரச தளங்கள் மட்டும் வரும். பாமினிக் கோப்புகள் தமிழ்த் தேடலில் சிக்கா என்பதால் ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்திலும் போட்டுப் பாருங்கள். தம்பலகாமத்தைத் தம்பலகமுவ என்றும், வெருகலை ஈச்சிலம்பற்று என்றும் தேட வேண்டிவரும். சபையின் பழைய தளம் திறக்காவிட்டால், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்தில் அந்த முகவரியைப் போடுங்கள்.

இணையத்தில் இல்லாவிட்டால்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. சபையின் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும், மின்னஞ்சலிலும் அனுப்பலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள், சபையில் மேன்முறையீட்டைப் பார்க்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

'ஏன் வடிகான் கட்டவில்லை' என்று கேட்காதீர்கள். அது கேள்வி, ஆவணம் இல்லை. நான் இரண்டாவது முறை எழுதியது இப்படி: "2022, 2023, 2024 ஆண்டுகளில் மேற்படி ஒழுங்கையின் வடிகான் வேலைக்கு ஒதுக்கப்பட்ட தொகை, மதிப்பீட்டின் பிரதி, ஒப்பந்தத்தின் பிரதி, கொடுப்பனவு வவுச்சர்களின் பிரதி ஆகியவற்றைத் தரவும்." தாளின் பெயரைச் சொல்லிக் கேட்டால் தாள் வரும்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பிறகு 2025 தேர்தல் வரைக்கும் உறுப்பினர்கள் இல்லை. அந்தக் காலத்துக்குச் சபைக் கூட்டக் குறிப்பைக் கேட்டால் இல்லை என்றே பதில் வரும். பிரதேச சபையாக இருந்தால் செயலாளரின் தீர்மானங்கள் என்று கேளுங்கள்.

பிற்சேர்க்கை: கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார், விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டதாம். கிண்ணியாவில் நகர சபையும் உண்டு, பிரதேச சபையும் உண்டு. அவர் 'கிண்ணியா சபை' என்று மட்டும் எழுதியிருக்கிறார். முழுப் பெயரையும் எழுதுங்கள், அனுப்பியதற்கான ஏற்புக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் வடிகானுக்கு வந்த பதில் மூன்று பக்கம். சபை தன் பங்கைக் கட்டி முடித்துக் காசும் கொடுத்திருக்கிறது. தண்ணீர் போய்ச் சேர வேண்டிய மதகு பிரதான வீதிக்குக் கீழே இருக்கிறது, அது வேறொரு திணைக்களத்துக்கு உரியது. அவர்களுடைய தகவல் அலுவலருக்கு நேற்று எழுதி அனுப்பிவிட்டேன். 14 வேலை நாட்களையும் கலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.