முதலாண்டு கட்டடக்கலை மாணவர்களுக்கு: உங்கள் அறையை அளந்து வரைவது எப்படி?

கட்டடக்கலைக் கல்லூரியில் சேர்ந்தவுடன் ஸ்டுடியோ வகுப்பில் பரவலாகத் தரப்படும் பயிற்சிகளுள் ஒன்று, ஏற்கெனவே இருக்கும் ஓர் இடத்தை அளந்து, உரிய அளவுத்திட்டத்தில் (ஸ்கேல்) வரைந்து வருவது. புதிய கட்டடங்களை வடிவமைக்கும் ஆவலோடு வந்தவர்களுக்கு இது வெறும் நகலெடுக்கும் வேலையாகத் தோன்றக்கூடும். ஆனால் 90 செ.மீ. அகலமுள்ள கதவு வழியாக நுழைவது எப்படியிருக்கும் என்பதை உடலால் அறியாதவர், தாளில் 90 செ.மீ. என்று எழுதும்போது அது வெறும் எண்ணாகவே நிற்கும். 16ஆம் நூற்றாண்டின் இத்தாலியக் கட்டடக்கலைஞர் அந்திரேயா பல்லாடியோவும் ரோமானிய இடிபாடுகளை நேரில் அளந்து வரைந்து கற்றவர்தான். முதல் பயிற்சிக்கு நீங்கள் தங்கியிருக்கும் அறையே போதுமானது. சந்தேகம் வந்தால் எழுந்து சென்று மீண்டும் அளந்துகொள்ளலாம் என்பது அதன் பெரிய வசதி.

படி 1: அளக்கும் முன் ஊகியுங்கள்

அறையின் நடுவில் நின்று, அதன் நீளம், அகலம், உயரம், சன்னல் தொடங்கும் உயரம் ஆகியவை எவ்வளவு இருக்கும் என்று ஊகித்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அதே பக்கத்தில் உங்கள் சாண், ஒரு நடையடியின் நீளம், கையை உயர்த்தினால் விரல்நுனி எட்டும் உயரம் ஆகியவற்றையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 20ஆம் நூற்றாண்டின் கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே தமது மாடுலர் அளவுமுறையை 1.83 மீட்டர் உயரமுள்ள மனிதனையும் அவன் உயர்த்திய கை எட்டும் 2.26 மீட்டரையும் கொண்டு அமைத்தார். உங்களுக்குப் பயன்படப்போவது உங்கள் சொந்த உடலின் எண்கள். டேப் இல்லாத இடங்களிலும் அவை கூடவே வரும்.

படி 2: கைப்படம்

ஒரு முழுப் பக்கத்தை நிரப்பும் அளவுக்குப் பெரிதாக, அளவுகோல் இல்லாமல், அறையின் தரைப்படத்தை (மாணவர்கள் வழக்கில் பிளான்) வரையுங்கள். சுவரை ஒற்றைக்கோடாகப் போடாமல், தடிப்புத் தெரியும்படி இரட்டைக்கோடாகப் போடுங்கள். ஒவ்வொரு சுவருக்கும் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அளவுகளை வேறு நிற மையில் எழுதினால், பின்னர் எது கோடு, எது எண் என்ற குழப்பம் வராது.

படி 3: அளத்தல்

டேப்பின் சுழியை (0) ஒரு மூலையில் வைத்து, சுவர் நெடுக இழுத்து, கதவின் தொடக்கம், கதவின் முடிவு, சன்னலின் தொடக்கம், சன்னலின் முடிவு, எதிர் மூலை என எல்லாவற்றையும் அந்த ஒரே சுழியிலிருந்து படியுங்கள். துண்டுதுண்டாக அளந்து கூட்டினால் ஒவ்வொரு துண்டிலும் நேரும் 5 மி.மீ. பிழை, பத்துத் துண்டுகளில் 50 மி.மீ. வரை சேர்ந்துவிடக்கூடும். கதவுத் திறப்பில் நின்றால் சுவரின் தடிப்பை நேரடியாக அளக்க முடியும்.

அடுத்து வருவதுதான் தொடக்க மாணவர்கள் பலர் விட்டுவிடுவது: மூலைவிட்டங்கள். நான்கு பக்கங்களின் நீளங்கள் மட்டும் தெரிந்தால் ஓர் அறையின் வடிவம் உறுதியாகிவிடாது. அதே நான்கு நீளங்களைக் கொண்டு நேரான செவ்வகத்தையும் வரையலாம், ஒருபுறம் சாய்ந்த இணைகரத்தையும் வரையலாம். ஒரு மூலைவிட்டம் சேர்ந்தவுடன் அறை இரண்டு முக்கோணங்களாகப் பிரிகிறது. மூன்று பக்கங்கள் தெரிந்த முக்கோணத்துக்கு ஒரே வடிவம்தான் உண்டு என்பதால் அறையின் வடிவமும் நிலைபெறுகிறது. எடுத்துக்காட்டாக, 3.60 மீட்டருக்கு 4.20 மீட்டர் அறை செங்கோணங்களோடு இருந்தால் அதன் மூலைவிட்டங்கள் இரண்டும் ஏறத்தாழ 5.53 மீட்டர் இருக்க வேண்டும். ஒன்று 5.58 என்றும் மற்றொன்று 5.48 என்றும் வந்தால் அறை கோணலானது. அந்தக் கோணலை அப்படியே வரைய வேண்டும். அழகுக்காக நேராக்குவது, கண்டதைத் திருத்திச் சொல்வதாகும். இரண்டாவது மூலைவிட்டம் உங்கள் அளவீட்டைச் சரிபார்க்கும் சாட்சி என்பதால், நேரம் குறைவாக இருந்தாலும் அதை விடாதீர்கள்.

உயரங்களையும் இப்போதே எடுத்துவிடுங்கள்: தரையிலிருந்து சன்னலின் கீழ்விளிம்பு, மேல்விளிம்பு, உத்தரத்தின் அடி, கூரையின் அடி.

படி 4: அளவுத்திட்டத்தில் வரைதல்

ஒற்றை அறைக்கு 1:20 பொருத்தமானது. 3.60 மீட்டர் 18 செ.மீ. ஆகவும், 4.20 மீட்டர் 21 செ.மீ. ஆகவும் மாறும், ஏ3 தாளில் இடமும் மிஞ்சும். நீண்ட சுவரை முதலில் வரையுங்கள். அதன் ஒரு முனையிலிருந்து பக்கச்சுவரின் நீளத்தையும், மறு முனையிலிருந்து மூலைவிட்டத்தின் நீளத்தையும் காம்பசில் எடுத்து வில் போடுங்கள். விற்கள் வெட்டும் புள்ளியே மூன்றாவது மூலை. நான்காவதையும் அவ்வாறே காணுங்கள். முக்கோண மட்டத்தை வைத்து 90 பாகை என்று முன்கூட்டியே முடிவுசெய்யாதீர்கள்.

படி 5: எதை வெட்டுகிறோம்?

தரைப்படம் என்பது அறையைத் தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் கிடையாக வெட்டி, மேல்பகுதியை நீக்கிவிட்டுக் கீழ்நோக்கிப் பார்க்கும் படம். எனவே வெட்டுப்பட்ட சுவர்களுக்கு அழுத்தமான கோடு, கீழே தெரியும் மேசை, கட்டில் போன்றவற்றுக்கு மெல்லிய கோடு, வெட்டுக்கு மேலே இருக்கும் உத்தரத்துக்கு விட்டுவிட்ட கோடு என்று வேறுபடுத்துங்கள். மை பேனா என்றால் 0.5, 0.25, 0.1 மி.மீ. ஆகிய மூன்றும் போதும். எல்லாக் கோடுகளும் ஒரே தடிப்பில் இருந்தால், அளவுகள் சரியாக இருந்தும் படத்தைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாமல் போகும். ஆசிரியர்கள் மதிப்பீட்டின்போது, அதாவது ஜூரியில், படத்தைச் சற்றுத் தள்ளி நின்றே பார்ப்பார்கள் என்பதால், நீங்களும் அதைச் சுவரில் ஒட்டி இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து பார்த்துவிடுங்கள்.

செங்குத்தாக வெட்டும் வெட்டுத்தோற்றத்துக்கும் இதே விதிதான். வெட்டுக்கோட்டைச் சன்னல் வழியாகச் செலுத்துங்கள். அப்போதுதான் வெளிச்சம் எந்த உயரத்தில் நுழைகிறது, உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு வெளியே என்ன தெரியும் என்பவை படத்தில் வரும். வெட்டிய இடத்தையும் பார்க்கும் திசையையும் தரைப்படத்தில் அம்புக்குறியோடு காட்டுங்கள். வடதிசைக் குறியும் அளவுத்திட்டமும் மறக்கக் கூடாதவை.

படி 6: சரிபார்ப்பு

முடித்த படத்தோடு அறைக்குத் திரும்பி, வரைவதற்குப் பயன்படுத்தாத மூன்று தொலைவுகளைத் தேர்ந்தெடுங்கள்: கதவின் ஓரத்திலிருந்து எதிர்ச்சுவர்ச் சன்னலின் ஓரம் வரை என்பது போல. படத்தில் அளந்ததை 20 ஆல் பெருக்கி, டேப் காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். 1:20 படத்தில் 1 மி.மீ. என்பது அறையில் 20 மி.மீ. ஆதலால் அந்த அளவு வேறுபாடு பென்சில் முனையின் பிழையாக இருக்கலாம். அதைவிடக் கூடுதலாக வந்தால் கோடுகளை அழிக்கத் தொடங்காமல், முதலில் கைப்படத்திலுள்ள எண்களைப் பாருங்கள். அவற்றிலும் காரணம் தெரியாவிட்டால் அந்தச் சுவரை மட்டும் மீண்டும் அளந்து வரையுங்கள்.