ஹரிக்கேன் சீசனுக்கு வீட்ட ரெடி பண்றது, புயல் போனப்புறம் உதவிக்கு போறது எப்படி

ஜூன் 1ல இருந்து நவம்பர் 30 வரைக்கும் அட்லாண்டிக் பக்கம் ஹரிக்கேன், அதாவது பெரும்புயல் சீசன். அமெரிக்கால ஃப்ளோரிடா, டெக்சாஸ், லூசியானா, கரோலினா பக்கம் புதுசா வேலைக்கு வந்த நம்ம ஆளுங்க புயல்னு சொன்ன உடனே கேக்குற முதல் கேள்வி "என்ன கேட்டகிரி?"ங்கறதுதான், ஒண்ணுன்னு சொல்லிட்டா போதும் அப்பாடான்னு படுத்துடறாங்க. அந்த நம்பர் காத்தோட வேகத்த மட்டும்தான் சொல்லுது, மணிக்கு 74 மைல்ல 1 ஆரம்பிக்குது, 157ஐ தொட்டா 5, அவ்ளோதான். எவ்ளோ மழை கொட்டும், கடல் எவ்ளோ தூரம் உள்ள வரும்னு அதுல எதுவுமே இல்ல. ஆனா இந்த நாட்டுல ஹரிக்கேன் நேரா எடுத்துட்டு போன உயிர்கள்ல பெரும்பாலானது தண்ணியால போனதுதான்.

2017 ஆகஸ்ட்ல ஹார்வி புயல் வந்தப்போ நாங்க ஹூஸ்டன்ல இருந்தோம். டெக்சாஸ் கடலோரம் ராக்போர்ட் பக்கத்துல கரையேறுறப்போ அது கேட்டகிரி 4, எங்க மேல வந்து நகராம நின்னப்போ வெறும் ட்ராப்பிக்கல் ஸ்டார்ம், அதாவது ஹரிக்கேன விட காத்து குறைஞ்ச புயல். எங்க தெருவுல ஒரு மரம் கூட விழல, ஆனா தெரு முனையில இருந்த வீடெல்லாம் சோஃபா மிதக்குற அளவுக்கு தண்ணி. நெடர்லேண்டுங்கற ஊர்ல மொத்தமா 60.58 இன்ச் மழை பதிவாச்சு, அதாவது அஞ்சடி தண்ணி. 2024 செப்டம்பர் 26 ராத்திரி ஃப்ளோரிடால கரையேறின ஹெலீன் புயல், கடல விட்டு எங்கயோ தள்ளி நார்த் கரோலினா மலைக்குள்ள இருக்குற ஆஷ்வில்ங்கற ஊர புரட்டி போட்டுச்சு, அங்க குழாய்ல திரும்ப குடிக்கிற தண்ணி வர ஏழு வாரத்துக்கு மேல ஆச்சு. அதனால நான் சொல்றது எல்லாமே தண்ணிய மனசுல வெச்சுதான்.

முதல்ல இன்னிக்கே பாக்க வேண்டியது உங்க அட்ரஸ் எந்த இவாகுவேஷன் ஜோன்ல, அதாவது புயலுக்கு காலி பண்ண சொல்ற பகுதில வருதுன்னு. கடலோர கவுண்டிங்க (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பலதுலயும் ஏ, பி, சின்னு பிரிச்சு வெச்சிருப்பாங்க, கவுண்டி வெப்சைட்ல அட்ரஸ் போட்டா வரும், ஏ-ங்கறது முதல்ல கிளம்ப வேண்டியவங்க. கிளம்ப சொன்னா கிளம்புங்க. ஜன்னலுக்கு பலகை அடிச்சாச்சு, வீடு ஸ்ட்ராங்குன்னு உக்காந்துராதீங்க, கடல் பொங்கி வர்றப்போ பலகை ஒண்ணும் பண்ணாது. ஜோன்ல இல்லாதவங்க சும்மா பயந்து ஹைவேல ஏறி, கட்டாயம் போக வேண்டியவங்க வழிய அடைக்கவும் வேணாம்.

ரெண்டாவது ஃப்ளட் இன்சூரன்ஸ், இதுல நெறைய பேர் ஏமாந்து நிக்கிறத கண்ணால பாத்துட்டேன். நீங்க மாசாமாசம் கட்டுற ஹோம் இன்சூரன்ஸ் வெள்ளத்துக்கு ஒரு பைசா தராது. ஃபெடரல் ஃப்ளட் இன்சூரன்ஸ் தனியா வாங்கணும், வாங்கினா சாதாரணமா 30 நாள் கழிச்சுதான் அமலுக்கு வரும், டிவில புயல் பேரு வந்தப்புறம் ஓடிப்போய் வாங்கினா பிரயோஜனமே இல்ல. மேப்புல வெள்ள அபாயம்னு குறிச்ச ஃப்ளட் ஜோன்ல நாங்க இல்லையேன்னு சொல்வாங்க, ஹார்வில மூழ்கின வீட்டுல நெறையது அந்த மேப்புக்கு வெளிய இருந்ததுதான். அபார்ட்மெண்ட்ல வாடகைக்கு இருக்குறவங்க கூட உள்ள இருக்குற சாமானுக்கு மட்டும் எடுக்கலாம், இது பாதி பேருக்கு தெரியவே தெரியாது.

வீட்டுல வாங்கி வெக்கிறதுல பெரிய ரகசியம் இல்ல. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணி, குறைஞ்சது மூணு நாளைக்கு, முடிஞ்சா ரெண்டு வாரத்துக்கு. சீசன் ஆரம்பத்துலயே வாரம் ரெண்டு கேலன்னு சேத்துட்டா புயல் வரலாம்னு சொல்ற வாட்ச் வந்த அன்னிக்கு காலி ரேக் முன்னாடி நிக்க வேணாம். நம்ம வீட்டுல ஒரு சிக்கல் இருக்கு, மூட்டை அரிசியும் பருப்பும் இருக்கும் ஆனா கரண்ட் போனா ரைஸ் குக்கரும் ஓடாது எலக்ட்ரிக் அடுப்பும் ஓடாது, அதனால அவல், பிரெட், பீனட் பட்டர், டப்பால வர்ற பீன்ஸ், ஊறுகாய்னு சமைக்காம சாப்பிடறதா வாங்கி வைங்க, டப்பா திறக்க கையால சுத்துற ஓப்பனரும் வேணும். ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்து தங்கியிருந்தா அவங்க பிபி, சுகர் மாத்திரை ரெண்டு வாரத்துக்கு கையில இருக்கணும், இன்சுலின்னா ஐஸ் பாக்ஸும் ஜெல் பேக்கும். பாஸ்போர்ட், விசா பேப்பர், கிரீன் கார்டு, இன்சூரன்ஸ் பாலிசி எல்லாம் ஒரு ஜிப்லாக் கவர்ல, அதே எல்லாத்தையும் போட்டோ எடுத்து கிளவுட்லயும் போட்டுருங்க. போன்ல வீடியோ ஆன் பண்ணி ரூம் ரூமா நடந்து அலமாரிய தொறந்து காட்டி ஒரு பத்து நிமிஷம் எடுத்து வைங்க, பின்னாடி க்ளெய்ம்ல அந்த பத்து நிமிஷம்தான் பேசும்.

ஹரிக்கேன் வாட்ச்னா பலத்த காத்து தொட இன்னும் 48 மணி நேரம் மாதிரி இருக்கு, வார்னிங்னா 36 மணி நேரம். வாட்ச்லயே பெட்ரோல் போட்டு காசு எடுத்துருங்க, கரண்ட் இல்லாத ஊர்ல கார்டு தேய்க்க முடியாது. மேப்புல வர்ற அந்த கூம்ப நெறைய பேர் தப்பா படிக்கிறாங்க, அது புயலோட நடுப்புள்ளி எங்க போகலாம்ங்கறத மட்டும்தான் காட்டுது, அதுவும் மூணுல ரெண்டு தடவைதான் அந்த கூம்புக்குள்ள இருக்கும். நாம கூம்புக்கு வெளிய இருக்கோம்னு நிம்மதி ஆயிடாதீங்க, மழை கூம்பு பாத்து பெய்யாது. ஜன்னல்ல எக்ஸ் மாதிரி டேப் ஒட்டுறது வீண் வேலை, அந்த நேரத்துல பாத்டப்ல தண்ணி ரொப்பி வைங்க, டாய்லெட்ல ஊத்தறதுக்கு ஆகும். ஃப்ரீசர்ல ஒரு கப் தண்ணிய உறைய வெச்சு மேல ஒரு காசு வைங்க, திரும்பி வந்து பாக்குறப்போ காசு அடியில போயிருந்தா நடுவுல எல்லாம் உருகி மறுபடி உறைஞ்சிருக்குன்னு அர்த்தம், உள்ள இருக்குறத தூக்கி போட்டுருங்க.

இத கொஞ்சம் அழுத்தியே சொல்றேன், ஜெனரேட்டர வீட்டுக்குள்ளயோ கராஜ்லயோ பால்கனிலயோ ஓட்டவே கூடாது, கராஜ் கதவு தொறந்து இருந்தாலும் கூடாது. வீட்ட விட்டு 20 அடி தள்ளி, புகை போற பக்கம் ஜன்னல் கதவு எதுவும் இல்லாம. அந்த புகைல வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயுவுக்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது, தூக்கத்துலயே முடிஞ்சிடும், புயல தப்பிச்ச குடும்பம் ரெண்டு நாள் கழிச்சு இதுல போறது வருஷா வருஷம் நடக்குது. இந்த வாயு வந்தா கத்துற, பேட்டரி போட்ட அலாரம் ஒண்ணு வாங்கி மாட்டுங்க. அதே மாதிரி ரோட்டுல தண்ணி ஓடுதுன்னா வண்டிய திருப்புங்க, ஒரு அடி ஓட்டத் தண்ணி சின்ன காரை தூக்கிரும், ரெண்டடி இருந்தா எஸ்யூவியும் போயிரும்.

இப்போ உதவிக்கு போறது. புயல் அடிச்ச மறுநாளே எல்லாருக்கும் மனசு பதறும், அலமாரிய தொறந்து பழைய துணிய மூட்டை கட்டி அனுப்பிருவோம். தயவு செஞ்சு வேணாம். ஒரு ரிலீஃப் சென்டர்ல ரெண்டு நாள் வேலை செஞ்சேன், பார்க்கிங் லாட்டுல மழைல நனைஞ்ச துணி என் தோள் உயரத்துக்கு குவிஞ்சு கெடந்துச்சு, அத பிரிக்க 12 பேர் நின்னோம், அந்த 12 பேரும் அன்னிக்கு ஏதாவது வீட்ட காலி பண்ண போயிருக்கலாம். உள்ள ஒரு பொண்ணு கைக்குழந்தையோட வந்து டயப்பர் சைஸ் 4 இருக்கான்னு கேட்டுச்சு, இல்ல. காசா குடுங்க, அந்த ஊர்லயே வேலை செய்யற ஃபுட் பேங்குக்கு குடுங்க, இல்லாட்டி அவங்க போடற லிஸ்ட்ல இருக்கறத மட்டும் வாங்குங்க, பெரும்பாலும் அதுல க்ளீனிங் சாமான், டயப்பர், புது உள்ளாடை, தார்ப்பாய்னுதான் இருக்கும்.

நேர்ல போகணும்னா தனியா கெளம்பாதீங்க, ஏற்கனவே வேலை நடத்துற குழுவுல பேரு குடுத்துட்டு போங்க, 211ங்கற உதவி நம்பருக்கு போன் பண்ணா பெரும்பாலும் எங்க ஆள் வேணும்னு சொல்வாங்க. சாப்பாடு, தண்ணி, பெட்ரோல், படுக்க இடம் எல்லாம் உங்க ஏற்பாடு, அங்க இருக்கறத நீங்க எடுக்கக் கூடாது. கனமான பூட்ஸ், லெதர் க்ளவுஸ், கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி, என்95 மாஸ்க் எல்லாம் வேணும், டெட்டனஸ் ஊசி போட்டு எவ்ளோ வருஷம் ஆச்சுன்னு பாத்துக்கங்க.

வெள்ளம் புகுந்த வீட்டுல 24ல இருந்து 48 மணி நேரத்துல பூசணம் ஆரம்பிச்சிரும், அதனால வேகமா காலி பண்றதுதான் வேலையே. மெயின் கரண்ட் ஆஃப் ஆயிருக்கான்னு கேட்டுட்டு உள்ள போங்க. எதையும் தொடறதுக்கு முன்னாடி போட்டோ, சுவத்துல தண்ணி நின்ன கோடு தெரியும், அதுல ஒரு டேப் வெச்சு அளவு தெரியற மாதிரி எடுங்க. அப்புறம் கார்ப்பெட், பேஸ்போர்ட் (சுவத்தடில ஓடற பலகை), ட்ரைவால் (சுவத்து ஜிப்சம் அட்டை) எல்லாத்தையும் எடுக்கணும். ட்ரைவால தண்ணி நின்ன கோட்டுக்கு மேல ஒரு ரெண்டடி வரைக்கும் வெட்டி எடுக்கணும், ஏன்னா தண்ணி உள்ளுக்குள்ள ஊறி மேல ஏறியிருக்கும். வெட்டின உடனே இன்சுலேஷன் ஈரப் பஞ்சு மாதிரி பொத்துன்னு கீழ விழும், அந்த வாடை ரெண்டு நாளைக்கு மூக்க விட்டு போகாது. ரொம்ப பழைய வீடுன்னா வெட்டறதுக்கு முன்னாடி ஆஸ்பெஸ்டாஸ் இருக்கான்னு குழுவ நடத்துறவங்கள கேளுங்க. கரண்ட் இல்லாம நாள் கணக்கா நின்ன ஃப்ரிட்ஜ தொறக்கவே கூடாது, சுத்தி டக்ட் டேப் போட்டு அப்படியே வெளிய தள்ளுங்க.

வெளிய போடறப்போ கட்டட குப்பை, மரக்கிளை, ஃப்ரிட்ஜ் வாஷிங் மெஷின், டிவி கம்ப்யூட்டர், பெயிண்ட் மாதிரி கெமிக்கல், சாதா குப்பைன்னு தனித்தனி குவியலா போட்டாதான் லாரி எடுக்கும், கலந்து கெடந்தா விட்டுட்டு போயிடுவாங்க.

வீட்டுக்காரங்கள கேக்காம எதையும் குப்பைல போடாதீங்க. ஹார்விக்கு அப்புறம் ஒரு வயசான அம்மா வீட்டுல நாங்க வேகவேகமா சாமான் எடுத்துட்டு இருந்தோம், ஒரு பையன் ஊறிப்போன ஆல்பம் ஒண்ண தூக்கி குப்பைல போடப் போனான், அந்த அம்மா ஓடி வந்து புடுங்கி மடில வெச்சுக்கிட்டாங்க, பக்கமெல்லாம் ஒட்டிப் போயிருந்துச்சு. எங்க கூட இருந்த ஒரு அக்காவுக்கு இது தெரிஞ்சிருந்துச்சு, ஈர போட்டோவ பிரிக்காதீங்க, ஜிப்லாக்ல போட்டு ஃப்ரீசர்ல வெச்சா பூசணம் வராம நிக்கும், அப்புறமா நிதானமா சுத்த தண்ணில ஒண்ணொண்ணா பிரிச்சு காய வெக்கலாம்னு சொல்லி தன் வீட்டு ஃப்ரீசர்லயே கொண்டுபோய் வெச்சாங்க. அன்னிக்கு நாங்க செஞ்சதுல அந்த அம்மா திரும்ப திரும்ப நன்றி சொன்னது அதுக்குத்தான்.

ஒரு நோட்டுல பேரு, வந்த நேரம், போன நேரம், செஞ்ச வேலை எழுதி வைங்க. பேரிடர்னு அறிவிச்ச ஏரியால பொதுச் செலவுல ஃபீமா (ஃபெடரல் பேரிடர் உதவி அமைப்பு) வழக்கமா 75 சதவீதம் தரும், மீதி உள்ளூர் தலைல விழும், வாலண்டியருங்க உழைச்ச மணி நேரத்த கணக்கு காட்டி அந்த பங்குல கழிக்க முடியும். அதனால சைன் இன் ஷீட்ட சோம்பேறித்தனமா விட்டுராதீங்க.

கேமரா எல்லாம் போனப்புறம் மூணாவது வாரத்துலதான் ஆளே கிடைக்காது, லீவ் இருந்தா அப்போ போங்க. அந்த நேரத்துல பேப்பர் வேலைதான் நெறைய. ஃபீமா பண உதவிக்கு சிட்டிசனா இருக்கணும், இல்லன்னா கிரீன் கார்டு மாதிரி ஸ்டேட்டஸ் வேணும், எச்1பி வேலை விசால இருக்கறவங்களுக்கு நேரா கிடைக்காது, ஆனா அதே வீட்டுல இங்க பொறந்த குழந்தை இருந்தா குழந்தை பேர்ல அப்பா அம்மா அப்ளை பண்ணலாம், இது தெரியாம விட்டவங்க நம்ம ஆளுங்கள்லயே இருக்காங்க. இல்லன்னு லெட்டர் வந்தா அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சு மடிச்சு வெச்சுடறாங்க, பல தடவை ஒரு இன்சூரன்ஸ் பேப்பரோ கையெழுத்தோ விட்டுப்போனதுதான் காரணமா இருக்கும். லெட்டர்ல இருக்குற தேதில இருந்து 60 நாளுக்குள்ள அப்பீல் போடலாம், கூட உக்காந்து லெட்டர படிச்சு, என்ன கேட்டிருக்காங்களோ அத மட்டும் தேடி எடுத்து, ஒவ்வொரு பக்கத்துலயும் அவங்க அப்ளிகேஷன் நம்பர எழுதி அனுப்பி விடுங்க, ஒரு காப்பிய அவங்க கையில குடுங்க.