நேரோபோட்டில் கேஸ்: சர்வேக்கும் இன்சூரன்ஸுக்கும் படகைத் தயார் செய்வது எப்படி?

இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்களில் ஓடும் நேரோபோட் (குறுகலான, நீளமான இரும்புப் படகு) பழையதாக ஒன்றை வாங்கப் போகிறீர்களா? விலை பேசி முடித்த மறுநாளே இன்சூரன்ஸ்காரர் "சர்வே இருக்கிறதா?" என்று கேட்பார். "போட் சேஃப்டி சான்றிதழ் இருக்கிறதே" என்பீர்கள். அது வேறு, இது வேறு என்பார். நானும் இப்படித்தான் விழித்தேன். அதனால் சிலிண்டர் வைக்கும் பெட்டியான கேஸ் லாக்கரைத் திறக்கும் முன் தாள்களைப் பிரித்துக்கொள்வோம்.

படி 1: யார் எதைப் பார்க்கிறார்கள்?

போட் சேஃப்டி ஸ்கீம் சான்றிதழ் 4 ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பது. அது இல்லாமல், கால்வாய்களை நிர்வகிக்கும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் படகுக்கு உரிமம் தராது. இதற்கு வரும் பரிசோதகர் கேஸ், மின்சாரம், எரிபொருள், தீயணைப்பான், காற்றோட்டம் இவற்றைப் பார்ப்பார். படகின் அடித்தகடு அவர் கவலை இல்லை.

சர்வேயர் அந்தத் தகட்டைப் பார்க்கிறவர். படகைத் தண்ணீரிலிருந்து வெளியே தூக்கி, அல்ட்ராசவுண்ட் கருவியால் இரும்பின் கனத்தை அளப்பார். படகுக்கு வயதாகிவிட்டால் முழுக் காப்பீடு தரும் கம்பெனிகள் இந்த அறிக்கையைக் கேட்கும். 20 வயதிலேயே கேட்பவர்களும் உண்டு, 30 வரை பொறுப்பவர்களும் உண்டு. கேஸ் அமைப்பைச் சர்வேயர் கண்ணால் பார்த்துக் குறிப்பு எழுதுவார், கழற்றிப் பார்க்க மாட்டார்.

கழற்றி மாட்டுவது மூன்றாமவர், கேஸ் சேஃப் என்ற கேஸ் வேலைக்காரர்களுக்கான பிரிட்டிஷ் பதிவேட்டில் உள்ள பொறியாளர். வீட்டு பாய்லர் பார்க்கிறவரைக் கூப்பிட்டால் போதாது. அவருடைய அடையாள அட்டையின் பின்பக்கத்தில் எல்பிஜி, படகு என்ற இரண்டு தகுதிகளும் இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், அட்டை அதற்குத்தான்.

படி 2: கேஸ் லாக்கர்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. புரோபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. வீட்டுச் சமையலறையில் கசிந்தால் கதவைத் திறந்துவிடுவோம், வாசற்படி வழியாக வெளியே போகும். நேரோபோட் ஓர் இரும்புத் தொட்டி. உள்ளே கசிந்த கேஸ் அடியில் தேங்கி நிற்கும், போக வழியே கிடையாது. காற்றில் 2 சதவீத அளவு கலந்தாலே பற்றிக்கொள்ளும், ஒரு பம்ப் ஸ்விட்சின் பொறி போதும்.

ஆகவே லாக்கரிலிருந்து படகுக்குள் போக ஓட்டையே இருக்கக் கூடாது. கீழே வெளிப்பக்கமாக ஒரு வடிகால் மட்டும், அதுவும் நீர்மட்டத்துக்கு மேலே. சிலிண்டர்களை வெளியே எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். சிலிண்டர் நின்ற இடத்தில் வட்டமாகத் துருப்பிடித்திருக்கும், தகடு முதலில் பொத்தலாவது அங்கேதான். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். கடகடவென்று வெளியே போனால் சரி. தேங்கினால் இலையும் துருவும் வடிகாலை அடைத்திருக்கின்றன. சங்கிலி, சுத்தியல் என்று சாமான்களை அங்கே போட்டு வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். சிலிண்டர் நிமிர்ந்து, அசையாதபடி கட்டப்பட்டிருக்க வேண்டும்.

சிவப்பு நிறப் புரோபேன் சிலிண்டரையே வாங்குங்கள். பியூட்டேன் பூஜ்யம் டிகிரி வாக்கில் ஆவியாக மறுத்துவிடும். ஜனவரி காலையில் காபிக்கு அடுப்பு எரியாது.

படி 3: ரப்பர் குழாயும் ரெகுலேட்டரும்

ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். அதன்மேல் தரக் குறியும் ஆண்டும் படிக்கும்படி இருக்கட்டும். ரெகுலேட்டருக்குப் பொதுவாக 10 ஆண்டு ஆயுள் என்பார்கள். செம்புக் குழாய் ஆடாமல் கிளிப் போட்டிருக்கிறதா, தடுப்புச் சுவரைத் தாண்டும் இடத்தில் உரசாமல் உறை இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

படி 4: கசிவுச் சோதனை

லாக்கருக்குள் சிறு கண்ணாடிக் குடுவை போல ஒன்று இருந்தால் அதுதான் பபிள் டெஸ்டர். சிலிண்டரைத் திறந்து, அடுப்புகளுக்குப் போகும் வால்வுகளையும் திறந்துவிடுங்கள். அடுப்புக் குமிழ்களும் பைலட் சுடரும் (எப்போதும் எரியும் சிறு சுடர்) மட்டும் அணைந்திருக்க வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடித்துக் குடுவையைப் பாருங்கள். ஒரு குமிழி வந்தாலும் எங்கோ கசிகிறது. சிலிண்டரை மூடிவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

சிலிண்டருக்கும் டெஸ்டருக்கும் இடையில் இருக்கும் இணைப்புகளை அது காட்டாது. ஊரில் சிலிண்டர் மாற்றியதும் சோப்பு நுரை தடவிப் பார்ப்போமே, அந்த ஞாபகத்தில் பாத்திரச் சோப்பை எடுக்காதீர்கள். அதிலுள்ள ரசாயனங்கள் பித்தளையை நாளாவட்டத்தில் விரிசல் விடச் செய்யும். கசிவுச் சோதனைக்கென்றே விற்கும் திரவத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: அடுப்பு, காற்று, அலாரம்

சுடர் அணைந்தால் தானே கேஸை நிறுத்தும் கருவி ஒவ்வொரு பர்னரிலும் இருக்கட்டும். பழைய அடுப்புகளுக்குச் சில விலக்கு உண்டு, ஆனால் நான் அதை நம்பி உட்கார மாட்டேன். குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரத்தில் டேப் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். தங்கும் வசதியுள்ள படகில் கார்பன் மோனாக்சைடு அலாரம் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம்.

படி 6: இன்சூரன்ஸ்

சர்வே அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் பரிந்துரைகள் இருக்கும். கம்பெனி முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான். இன்ன தேதிக்குள் முடி என்று அது சொன்னால் முடித்துவிட்டு, பொறியாளர் தந்த தாளையும் ரசீதையும் அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். போட் சேஃப்டி காலாவதியாக விடக் கூடாது என்பதைப் பல பாலிசிகள் நிபந்தனையாகவே எழுதியிருக்கும். கேள்விகளுக்குக் கவனமாக, உண்மையாகப் பதில் சொல்ல வேண்டியது 2012ஆம் ஆண்டு நுகர்வோர் காப்பீட்டுச் சட்டப்படி உங்கள் கடமை. புது அடுப்பு மாட்டினால் அதையும் சொல்லிவிடுங்கள்.

வரிசையில்தான் நான் கோட்டை விட்டேன். பரிசோதகரை முதலில் கூப்பிட்டேன். ரப்பர் குழாய் பழையது என்று திருப்பிவிட்டார். பொறியாளர் வந்து மாற்றினார், அப்புறம் மறுபடி பரிசோதகர், மறுபடி கட்டணம். நீங்கள் பொறியாளரை முதலில் கூப்பிடுங்கள். அவர் ரெகுலேட்டரை மாற்றினால், போகும் முன் மார்க்கர் பேனாவால் அதன்மேல் தேதி எழுதச் சொல்லுங்கள்.