எக்செல்லிலிருந்து வேர்டை ஓட்டும்போது: அந்த 462

தைப்பூசக் காவடிக்கு நன்கொடை தந்தவர்களுக்கு ரசீது போட வேண்டும். பெயரும் ராண்ட் தொகையும் எக்செல்லில், ரசீதின் மாதிரி வேர்டில். தென்னாப்பிரிக்காவில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் அலுவலகக் கணினிக்காக வீட்டில் உட்கார்ந்து, எக்செல்லிலிருந்தே வேர்டை ஓட்டும் ஒரு மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) எழுதினேன். முதல் தடவை ஜோராக ஓடியது. இரண்டாம் தடவை ‘ரன்-டைம் எரர் 462’. எக்செல்லை மூடித் திறந்தால் ஒரு தடவை ஓடும், அப்புறம் பழையபடிதான். இரண்டு ராத்திரி போயிற்று.

மேக்ரோ எழுதும் ஜன்னலைத் திறப்பது, அனுமதி கொடுப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் 462. வேர்டைத் திறந்து, வேர்டாப் என்ற மாறியில் வைத்திருந்தேன். நடுவில் ஒரே ஒரு வரியில் மட்டும் ‘ஆக்டிவ்டாக்குமென்ட்’ (இப்போது திறந்திருக்கும் ஆவணம்) என்று மொட்டையாக எழுதிவிட்டேன். எந்த வேர்டின் டாக்குமென்ட் என்று சொல்லாததால், எக்செல் தானாக ஒரு இணைப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வேர்டை மூடிய பிறகும் அதை விடுவதில்லை. அடுத்த தடவை செத்துப்போன அந்த வேர்டையே தேடுகிறது. மருந்து ஒரு புள்ளிதான்: முன்னால் வேர்டாப், புள்ளி, பிறகு ஆக்டிவ்டாக்குமென்ட். வேர்டுக்கு உரிய ஒவ்வொரு சொல்லையும் இப்படிச் சரிபாருங்கள். அங்குலத்தைப் பாயின்ட் அளவாக மாற்றும் ‘இன்ச்சஸ்டுபாயின்ட்ஸ்’கூட மொட்டையாக விட்டால் இதே வம்பைச் செய்யும்.

2. வேறு கணினிக்குப் போனால். கோயில் கணினியில் ஆபீஸ் 2010. என்னுடையது 2016. டூல்ஸ் மெனுவில் ரெஃபரன்சஸைத் திறந்தால் வேர்ட் 16.0 நூலகத்துக்கு முன்னால் ‘மிஸ்ஸிங்’ என்றிருந்தது. அந்த டிக்கையே எடுத்துவிட்டு, மாறியை ‘ஆப்ஜெக்ட்’ என்று அறிவித்து, ‘கிரியேட்ஆப்ஜெக்ட்’ மூலம் வேர்டைத் திறங்கள். எழுதும்போது சொல் எடுத்துக்கொடுக்கும் வசதி போய்விடும், போகட்டும். பலர் கணினியில் ஓட வேண்டிய மேக்ரோவுக்கு எனக்கு இதுதான் பிடிக்கும்.

3. அதனால் வரும் வம்பு. டிக் போனதும், பிடிஎஃபாகச் சேமி என்று வேர்டுக்குச் சொல்லும் ‘டபிள்யூடிஃபார்மேட்பிடிஎஃப்’ என்றால் என்னவென்று எக்செல்லுக்குத் தெரியாது. பூஜ்யமாக எடுத்துக்கொண்டு பழைய வகை வேர்ட் கோப்பையே பிடிஎஃப் என்ற பெயரில் சேமித்துத் தந்தது. எரர் எதுவும் வரவில்லை. திறந்தால்தான் ‘கோப்பு பழுது’ என்றது. அந்தச் சொல்லுக்குப் பதில் 17 என்று எண்ணையே போடுங்கள். மேக்ரோவின் மேலே ‘ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்’ (அறிவிக்காத மாறியை ஏற்காதே என்னும் வரி) இருந்திருந்தால் அங்கேயே மாட்டியிருக்கும். அது இல்லாமல் நான் இப்போது ஒரு வரிகூட எழுதுவதில்லை.

4. பேய் வேர்டுகள். மேக்ரோ பாதியில் நின்றால் வேர்ட் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரில் ஒரு நாள் ஏழு இருந்தன. சோதிக்கும்வரை ‘விசிபிள்’ ட்ரூ என்றே இருக்கட்டும். எரர் வந்தாலும் ‘க்விட்’ வரிக்குப் போகும்படி வழி வையுங்கள்.

பின்சேர்க்கை: பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து ஒரு அக்கா, தனக்கு ‘எரர் 13’ வருகிறது என்று எழுதியிருந்தார். விண்டோஸில் தென்னாப்பிரிக்க அமைப்பு இருந்தால் தசமத்துக்குக் காற்புள்ளி. அவர் பட்டியலில் 250.50 என்று புள்ளியோடு எழுத்தாகவே கிடந்தது. எழுத்தை எண்ணாக மாற்றும் ‘சிடிபிள்’ கட்டளை அதை எண்ணாக ஏற்கவில்லை. அதற்குப் பதில், புள்ளியை மட்டுமே தசமமாக எடுக்கும் ‘வால்’ கட்டளைக்கு மாற்றச் சொன்னேன், ஓடிவிட்டது. ஆனால் காற்புள்ளி போட்ட தொகை எழுத்தாக இருந்தால் ‘வால்’ சத்தமில்லாமல் சென்ட்டை விழுங்கிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.